சேர்ந்தவர் கணக்கும் முடித்தவர் கணக்கும்

(சின்னசேலத்தில் பெற்றோர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிப் படிப்பில் சமவாய்ப்பு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். அது பெரிய பொருள். அதில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் கல்லூரியில் சேர்கிறார்கள், முடிக்கிறார்களா?

முதலில், நாம் நெஞ்சு நிமிர்ந்து சொல்லக்கூடிய ஒரு செய்தி. ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021–22இல் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்தியா முழுமைக்கும் அது 28.4. 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டுப் போடும் கணக்கு இது. பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்குக் குறையாமல் இதில் இருக்கிறார்கள். இட ஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களும், குக்கிராமத்தில் பள்ளிக்கூடம் திறந்தவர்களும், வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்மார்களும் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்த எண் அது.

ஆனால் 47 என்பது சேர்ந்தவர் கணக்கு. அந்த வருடம் பதிவேட்டில் பெயர் இருந்தால் அந்தப் பிள்ளை இந்தக் கணக்கில் வந்துவிடும். இரண்டாம் பருவத்தோடு நின்றுபோனவர்கள் எத்தனை பேர், மூன்று வருடமும் வந்து உட்கார்ந்துவிட்டு அரியரோடு வீட்டுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று இந்த எண் சொல்லாது. என் பணிக்காலம் முழுவதும் நான் கண்ட காட்சி ஒன்றுதான். முதல் வருடம் ஜூலையில் வகுப்பில் பெஞ்சு போதாது. பக்கத்து அறையிலிருந்து தூக்கி வருவோம். மூன்றாம் வருடம் அதே வகுப்பில் பின் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தால், வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள், கிராமத்துப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள், நெடுந்தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வகுப்பில் கண் அயர்ந்தவர்கள். யாருக்காகக் கதவைத் திறந்தோமோ அவர்களே முதலில் வெளியேறியிருப்பார்கள்.

சேர்க்கையில் நீதி காட்டிவிட்டு, தேர்ச்சியை அவரவர் தலையெழுத்துக்கு விட்டுவிட்டால் நாம் செய்தது பாதி நீதி. இதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பள்ளியில் செய்தோம், கல்லூரியில் விட்டோம்

1920இல், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலம் எங்கும் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. ஆட்சிகள் மாறின, நூறு வருடமாக ஒரு கொள்கை மாறவில்லை. பிள்ளை பள்ளிக்கு வரவில்லையா? பிள்ளையைத் திட்டாதே. வரவிடாமல் எது தடுக்கிறது என்று பார். பசியா? சோறு போடு. தூரமா? பஸ் பாஸ் கொடு, சைக்கிள் கொடு. புத்தகம் வாங்கக் காசில்லையா? புத்தகம் கொடு. தடையை நீக்குவது அரசின் வேலை, படிப்பது பிள்ளையின் வேலை என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அதனால்தான் நாம் இந்த இடத்துக்கு வந்திருக்கிறோம்.

சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. கல்லூரிக்குள் கால் வைத்ததும் அந்தக் கொள்கையும் நின்றுவிடுகிறது. அங்கே பிள்ளை வராவிட்டால் 'ஒழுங்கில்லாதவன்'. தேறாவிட்டால் 'மண்டையில் ஏறவில்லை'. பதினேழு வயதில் ஒரு கோடைக்காலத்துக்குள் வீட்டின் வறுமை எங்கே போய்விட்டது? பசி எங்கே போய்விட்டது?

மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளை

இங்கிருந்து வடமேற்கே தெரியும் கல்வராயன் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு மலைக்கும் தனி வட்டம் கிடைத்தது. அந்த மலை நெடுங்காலம் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1970களில்தான் அந்த முறை முழுமையாக ஒழிந்தது. சமவெளியில் காமராசர் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்துகொண்டிருந்த வருடங்களில், மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகிர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். சமவெளியில் தாத்தா எழுதப் படிக்கக் கற்றார், அப்பா பத்தாவது படித்தார், பேரன் கல்லூரிக்கு வந்தான். மலையில் இந்த மூன்று தலைமுறையின் பயணத்தையும் ஒரே தலைமுறை நடந்து தீர்க்க வேண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களின் எழுத்தறிவு 54 விழுக்காடு. அந்த இடைவெளியின் பெரும்பகுதி இந்த வரலாற்றில் இருக்கிறது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதற்குப் பிறகுதான் கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. அந்தக் கள்ளச்சாராயச் சாவுகளில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பட்டப்படிப்பு வரை ஏற்பதாக அரசு அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. அந்தப் பிள்ளைகள் பட்டம் வாங்கும் நாள் வரை கூடவே நிற்க ஆள் வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்து நாம் சொல்ல வேண்டும்.

மலைக்கிராமத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மதிப்பெண். அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். விடுதியில் உடனே இடம் கிடைக்காததால் வீட்டிலிருந்தே வந்தாள். விடியுமுன் எழுந்து, தம்பி தங்கைக்குக் கஞ்சி வைத்துவிட்டு, தார்ச்சாலை வரை நடந்து, பஸ் பிடித்து, கச்சிராயபாளையத்தில் இறங்கி, அடுத்த பஸ் ஏறிக் கல்லூரிக்கு வந்து சேரும்போது முதல் மணி வகுப்பு பாதி முடிந்திருக்கும். வாரத்தில் மூன்று நாள் அந்த முதல் மணி, பகுதி இரண்டு ஆங்கிலம். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஆப்சென்ட்'. இலவச பஸ் பாஸ் கையில் இருந்தது. பாஸ் இருந்து என்ன, அந்த நேரத்துக்கு பஸ் வேண்டுமே!

காலையில் அவள் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள். வீட்டில் காய்ச்சிய கஞ்சி சின்னவர்களுக்குச் சரியாகிவிடும். மதியம் டப்பாவில் கொண்டுவந்திருந்தால் உண்டு. பருவத் தேர்வு முடிவு வந்தது. கணக்குத் தாள்கள் எல்லாவற்றிலும் பாஸ், ஆங்கிலத்தில் அரியர். வருகை 75 விழுக்காட்டை ஒட்டித் தடுமாறிக்கொண்டிருந்தது. ஜனவரியில் அவளுடைய பெற்றோர் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போனார்கள். சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை. அவள் கல்லூரிக்கு வருவதை நிறுத்தினாள். மூன்று வாரம் கழித்து, டிசி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

இந்தப் பிள்ளை எதில் தோற்றாள்? அறிவிலா, உழைப்பிலா? ஒரு பஸ் நேரமும் ஒரு கால அட்டவணையும் காலிவயிறும் சேர்ந்து அவளை வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தன.

அவள் டிசி வாங்கவில்லை. துறையிலிருந்த ஓர் ஆசிரியை அந்த விண்ணப்பத்தை வாங்கித் தன் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஆங்கிலத் துறைக்கும் கணிதத் துறைக்கும் நடந்து, முதல் மணி ஆங்கிலத்தை மூன்றாம் மணிக்கு மாற்றவைத்தார். விடுதிக் காப்பாளரிடம் பேசி ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தார். அவளுடைய அப்பாவுக்கு வாரம் ஒருமுறை போன் செய்தார். மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்காரவைத்து ஆங்கிலத் தாளைச் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பெண் மூன்று வருடத்தில் பட்டம் முடித்தாள்; பி.எட். படித்தாள்; இன்று கணக்கு டீச்சர்.

இதற்கு அரசாணை எதுவும் தேவைப்படவில்லை. செலவு என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் ஓர் ஆசிரியையின் நல்ல மனதை நம்பி ஒரு மாவட்டத்தின் பிள்ளைகளை விட்டுவைக்கலாமா? அவருக்கு இடமாறுதல் வந்தால் அடுத்த பிள்ளையின் விண்ணப்பத்தை யார் வாங்கிப் பூட்டுவார்கள்? அவர் தனியாளாகச் செய்ததைக் கல்லூரியே ஒரு முறையாக வகுத்துச் செய்ய வேண்டும்.

முறையாகச் செய்து பார்த்தவர்கள்

அப்படிச் செய்து பார்த்த இடங்கள் உண்டு. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடெங்கும் பரவியது. மதிப்பெண்ணைப் பார்த்துக் கழிக்காமல் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்வார்கள். கட்டணம் குறைவு. வீட்டிலிருந்தே போய்வரலாம். இரண்டு வருடம் படித்துவிட்டு வேலைக்குப் போகலாம், அல்லது பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படிப்பைத் தொடரலாம். ஏழைகளும் கறுப்பின மக்களும் குடியேறிகளும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் முடிக்காமலே போனார்கள். நம் பின் பெஞ்சுகள் காலியான அதே கதை.

2007இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில் ஏ.எஸ்.ஏ.பி. என்ற திட்டத்தைத் தொடங்கியது. உதவித்தொகை போக மிச்சமிருக்கும் கட்டணத்தைத் தானே ஏற்றது. பாடப்புத்தகச் செலவுக்கு உதவியது. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பயண அட்டை கொடுத்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆலோசகர். அவரைத் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும். பதிலுக்கு மாணவர் முழுநேரமாகப் படிக்க வேண்டும். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் குலுக்கல் முறையில் மாணவர்களை இரு பிரிவாக்கி ஒப்பிட்டது. மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் வழக்கமான பிரிவில் நூற்றுக்கு 22 பேர்; இந்தத் திட்டத்தில் 40 பேர். மாணவர் ஒருவருக்கு ஆன செலவு கூடியது. பட்டதாரி ஒருவரை உருவாக்க ஆன செலவு குறைந்தது. பாதியில் நின்றுபோகும் பிள்ளைகளுக்குச் செலவிட்ட பணம் முழுப் பயன் தராமல் போகிறது என்பதை அந்தக் கணக்கு காட்டிக்கொடுத்தது.

இன்னொன்று டென்னசி மாநிலத்தில் நடந்தது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கிய மாணவர்களை முதலில் அடிப்படை வகுப்பில் போட்டு, அதில் தேறினால்தான் கல்லூரிப் பாடம் என்று வைத்திருந்தார்கள். பெரும்பாலோர் அந்த வகுப்பையே தாண்டவில்லை. 2015இல் முறையை மாற்றினார்கள். எல்லோரும் நேராகக் கல்லூரிப் பாடத்திலேயே உட்காரட்டும், தடுமாறுகிறவர்களுக்கு அதே பருவத்தில் கூடுதல் வகுப்பு என்றார்கள். முன்பு இத்தகைய மாணவர்களில் ஒரு வருடத்துக்குள் கணக்குத் தாளை முடித்தவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் இருந்தார்கள். அது மாணவர்களில் பாதிப் பேர் என்ற அளவுக்கு உயர்ந்தது. பிள்ளைகள் மாறவில்லை, சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு மாறியது.

நம் பக்கத்திலும் இந்த எண்ணம் புதிதன்று. 1995இல் புதுச்சேரியிலும் 1996இல் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கின. பள்ளியோடு நின்றுபோனவர்களை அழைத்துத் தொழிலும் பேச்சும் தன்னம்பிக்கையும் கற்பிப்பது அவற்றின் நோக்கம். 2013இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கெனத் தனித் திட்டமே கொண்டுவந்தது. பெயர் எதுவாக இருந்தாலும், நம் பகுதியில் இந்த வேலையைச் செய்கிறவை அரசு கலை அறிவியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் சின்னசேலத்து அரசு ஐ.டி.ஐ.யும்தான். ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரலாம். பத்தாவதோடு ஐ.டி.ஐ.க்குப் போன பையன் பொறியாளராகும் வழி சட்டப்படி திறந்திருக்கிறது. அந்த வழி இருப்பதைத் தெரியாத பெற்றோர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம். தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லுங்கள்.

கையில் இருப்பதும் இல்லாததும்

அரசு நிறையவே செய்திருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்ட் 9 அன்று தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கின. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பிள்ளையின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 'பொண்ணை எதுக்கு மேல படிக்க வைக்கணும், இடம் வந்திருக்கு, கட்டிக் கொடுத்துடலாம்' என்று பேச்சு எழும் வீட்டில், அந்த ஆயிரம் ரூபாய் பெண்ணுக்காகப் பேசுகிறது. பிளஸ் டூவுக்குப் பிறகு எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடக்கின்றன. இவையெல்லாம் பெரும்பாலும் சேர்க்கைக்கு உதவுகின்றன. சேர்ந்தபின் நடக்கும் மூன்று வருடப் போராட்டத்துக்கு இவை மட்டும் போதா.

விடுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு விடுதியில் தங்கும் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1,100 ரூபாயாக இருந்தது. 2023இல் 1,500 ஆனது. நாளைக்கு ஐம்பது ரூபாய். அதில் மூன்று வேளை. வளரும் பிள்ளைக்கு இது போதுமா என்று வீட்டில் சமைக்கும் தாயைக் கேட்டால் தெரியும். அடுத்து, சாதிச் சான்று. மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலக அளவில் முடிந்துவிடுகிறது. பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் நிலையிலிருந்து வர வேண்டும். மலையிலிருந்து இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு, விசாரணைக்கு நின்று, திரும்பவும் இறங்கி வர வேண்டும். பழங்குடியினருக்கு நம் மாநிலத்தில் இருப்பதே ஒரு விழுக்காடு ஒதுக்கீடு. அந்த ஒரு விழுக்காட்டை வாங்கக் கையில் சான்று இல்லாமல் கலந்தாய்வுத் தேதி தவறிப்போனால், ஒதுக்கீடு ஏட்டில் இருந்து என்ன பயன்?

நான் கேட்பவை

முதலாவது, முடித்தவர் கணக்கு. ஒவ்வொரு கல்லூரியும், ஐ.டி.ஐ.யும் தன் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டட்டும். மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், உரிய காலத்தில் அரியரில்லாமல் முடித்தவர்கள் இத்தனை பேர். ஆண், பெண், சாதிப் பிரிவு, தமிழ்வழி, முதல் தலைமுறை, மலை என்று பிரித்துப் போடட்டும். எந்தப் பிரிவு குறைகிறதோ அங்கே கல்லூரி என்ன செய்யப்போகிறது என்று கீழே எழுதட்டும். கணக்கு வெளியே வந்தால் வேலை தானாக நடக்கும்.

இரண்டாவது, பஸ்ஸும் மணியும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். கல்லூரி முதல்வரும் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரும் வருடத் தொடக்கத்தில் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் போதும். பஸ் நேரத்தை மாற்ற முடியாவிட்டால் கால அட்டவணையை மாற்றுங்கள்.

மூன்றாவது, கல்லூரியில் ஒரு வேளைச் சாப்பாடு. நூறு வருடமாகப் பள்ளியில் சோறு போட்டுப் பலன் கண்ட மாநிலம் இது. அரசுக் கல்லூரியில் காலை உணவு தொடங்க நம்மைவிடத் தகுதியான மாநிலம் இந்தியாவில் எது? மலையையும் பின்தங்கிய வட்டங்களையும் கொண்ட நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கட்டும்.

நான்காவது, ஒவ்வொரு ஆசிரியர் பொறுப்பிலும் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள். ஒரு பிள்ளை மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் நான்காம் நாள் காலை அந்த வீட்டுக்குப் போன் போக வேண்டும். இதைக் கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. நிலையான வேலை இல்லாத ஆசிரியரால் பிள்ளைகளுக்கு நிலையான துணையாக இருக்க முடியாது. காலிப் பணியிடங்களை நிரப்புவதும் சமநீதியின் ஒரு பகுதிதான்.

ஐந்தாவது, ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் முதல் பருவத்திலேயே கூடவே நடக்கும் துணைவகுப்பு. அரியர் விழுந்தபின் அந்தப் பிள்ளையைத் தேடுவதைவிட, விழுமுன் பிடித்துக்கொள்வது எளிது.

ஆறாவது, பிளஸ் டூ தேர்வு முடிவு வருமுன் வெள்ளிமலையிலேயே சான்றிதழ் முகாம். அதிகாரிகள் ஒருமுறை மலையேறினால் நூறு குடும்பம் மலையிறங்க வேண்டியதில்லை.

பெற்றோர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை அரியர் வைத்துவிட்டது என்றால், 'படிச்சது போதும்' என்று சொல்லிவிடாதீர்கள். அரியர் எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் இந்த ஊரில் பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். கல்லூரிக்கு ஒருமுறையாவது போய் ஆசிரியரைப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. அது உங்கள் வரிப்பணத்தில் நடக்கும் கல்லூரி. பிள்ளைகளே, உங்களுக்கு: நின்றுவிடலாம் என்று தோன்றும் நாள் வரும். அன்றைக்கு டிசி கேட்டு எழுதுமுன் ஓர் ஆசிரியரிடம், ஒரு சீனியரிடம், யாராவது ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். உதவி கேட்பதில் அவமானம் இல்லை.

ஊர்ப் பெரியவர்களுக்கு என் கடைசி வேண்டுகோள். உங்கள் தெருவிலிருந்து இந்த வருடம் கல்லூரிக்கும் ஐ.டி.ஐ.க்கும் போகும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று வருடம் கழித்து அந்த நோட்டை எடுத்து, யார் யார் முடித்தார்கள் என்று பாருங்கள். முடிக்காத பிள்ளையின் வீட்டுக்குப் போய்க் குறை சொல்லாதீர்கள். கல்லூரிக்கு வாருங்கள், ஆட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள், 'இந்தப் பிள்ளை ஏன் முடிக்கவில்லை?' என்று கேளுங்கள். பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.